பதினொரு நிமிடம் நாற்பது விநாடி

உடைந்த தேனடைச் சட்டத்தை வானாய்வு நிலைய இயக்குநரின் மேசையில் ஓங்கி அறைந்தார் தேனீ வளர்க்கும் தோடேர். நிருபர்களுக்காக அச்சடித்து வைத்திருந்த வரைபடங்களின் மேல் தேன் மெதுவாகப் பரவியது.

"ஒன்பது பெட்டி," என்றார். "நேத்து கரடி வந்து ஒன்பது பெட்டிய நொறுக்கிட்டுப் போயிருக்கு. மிச்சம் இருபத்திரண்டு. இன்னிக்குப் பொழுது சாய்ஞ்சதும் மறுபடி வரும். ருசி கண்டுடுச்சு. என் வேலிக்குக் கரண்ட் வேணும் டைரக்டர் ஐயா. இப்பவே."

இயக்குநர் லிவியு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குப் பின்னால் புது மீன் தொட்டி. தண்ணீரைச் சூடாக்கும் கருவியின் சிவப்பு விளக்கு 'டிக்' என்று எரிந்தது.

நான் கதவருகே நின்றேன். தோடேரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த மின்வேலியை நிறுத்தி, அதன் சுவிட்சுப் பெட்டிக்கு ஈய முத்திரை போட்டவள் நான்தான்.

பெயர் ருக்சந்திரா. கார்பாத்திய மலையடியில் எங்கள் ரேடியோ தொலைநோக்கியில் இரைச்சல் வேட்டை என் வேலை. வானத்திலிருந்து வரும் மெல்லிய அலை கேட்க வேண்டுமானால் ஊர் வாயை மூட வேண்டும். எந்த வீட்டு ஃபிரிட்ஜ் பொறி விடுகிறது, எந்த வேலி துடிக்கிறது என்று கை ஆன்டெனாவோடு வேனில் அலைந்து பிடிப்பேன்.

செவ்வாய்க்கிழமை அந்தச் சமிக்ஞை வந்தது. முப்பத்தொரு ஒளியாண்டு தூரத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம். பதினொரு நிமிடம் நாற்பது விநாடிக்கு ஒரு துடிப்பு. சில சமயம் நாலைந்து விநாடி முன்பின்னாக வரும். அது அந்த நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தின் தள்ளாட்டம் என்று நான்கு பக்கம் எழுதினார் லிவியு. புதன்கிழமை வேலியை நிறுத்தச் சொன்னார். இன்று வெள்ளி. மாலை ஐந்து மணிக்குத் தலைநகர நிருபர்கள்.

"தோடேர், கொஞ்சம் பெரிசா யோசிங்க," என்றார் லிவியு. "எழுபது வருஷமா நம்ம ரேடியோ, டிவி எல்லாம் வானத்துல கசிஞ்சுக்கிட்டிருக்கு. யாரோ கேட்டிருக்காங்க. நம்மளக் கண்டுபிடிச்சுட்டாங்க. உங்களுக்குத் தேன்பெட்டிதான் பெரிசா?"

"என் தேனீயையும்தான் கரடி கண்டுபிடிச்சுது. 'வா'ன்னு எந்தத் தேனீயும் கூப்பிடல. வந்தவன் கை குலுக்கிட்டா போனான்?"

"இது விஞ்ஞானம்."

"அவ்வளவு தூரத்துல இருக்கறவனுக்கு உங்க டிவி கேக்குதுன்னா என் வேலியும் கேட்டிருக்குமே. அதையும் கேட்டுட்டுத்தானே பதில் போட்டிருப்பான்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் டிவி அலை பக்கத்து நட்சத்திரத்தை எட்டுவதற்குள் நீர்த்து ஒன்றுமில்லாமல் போய்விடும். இது லிவியுவுக்குத் தெரியாதா? அதைவிட ஒரு கேள்வி மூன்று நாளாக என்னை அரித்துக்கொண்டிருந்தது.

"டிஷ்ஷை நகர்த்திப் பார்த்தீங்களா?" என்றேன்.

எங்கள் தொழிலின் முதல் பாடம் அது. துடிப்பு கிடைத்தால் தொலைநோக்கியை நட்சத்திரத்தை விட்டு விலக்கு. துடிப்பு நின்றால் வானத்துச் சமாசாரம். நிற்காவிட்டால் நம் வீட்டுக் குப்பை.

"ஒரு துடிப்புகூட விடாம மூணு நாள் பதிவு இருக்கு," என்றார். "அதை அறுக்கச் சொல்றியா? அஞ்சு மணிக்கு அப்புறம் பாக்கலாம்."

"கரடிகிட்ட சொல்லி வைங்க," என்றார் தோடேர்.

நான் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். பணியில் இருந்தவர் ஹொரியா. நல்லவர், பயந்தவர்.

"எழுந்திரு."

"ருக்சா, வேணாம். வேலை போயிடும்."

"போகட்டும். நீ காபி குடிக்கப் போயிட்டேன்னு சொல்லிக்கோ."

டிஷ்ஷை இரண்டு டிகிரி தள்ளினேன். வெறும் இருட்டு, பெயர் சொல்ல ஒரு நட்சத்திரம்கூட இல்லாத மூலை. லிவியு ஓடி வருவதற்குள் டிஷ் நகர்ந்து நின்றிருந்தது. அவர் கத்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

துடிப்பு வந்தது. முன்பு இருந்த அதே பலத்தில்.

லிவியு திரையை மறுபடி பார்த்தார்.

"ரெண்டு இடத்துலேருந்தும் கூப்பிடறாங்க போல," என்றார் ஹொரியா. உடனே வாயை மூடிக்கொண்டார்.

கை ஆன்டெனாவை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றேன். அடுத்த துடிப்புக்காகக் காத்திருந்த நேரத்தில்தான் என் சோதனைப் படிவம் ஞாபகம் வந்தது. ஊரில் நூற்றுப் பன்னிரண்டு வீடு. சமையலறை, பட்டறை, மாட்டுக்கொட்டகை எல்லாவற்றுக்கும் அதில் ஒரு வரி உண்டு. இயக்குநர் அறைக்கு மட்டும் கிடையாது. படிவத்தில் கையெழுத்துப் போடுபவர் அறையை யார் சோதிப்பது?

"ருக்சா," இயக்குநர் அறைக்குள்ளிருந்து தோடேர் கூப்பிட்டார். "இந்த மீன் தொட்டில விளக்கு இப்பத்தான் டிக்குன்னுச்சு."

என் கையிலிருந்த கருவியும் அதே நொடியில்தான் அலறியிருந்தது.

தொட்டி வந்தது திங்கட்கிழமை. தண்ணீர் ஆறும்போதெல்லாம் சூடேற்றியின் பழுதான சுவிட்ச் ஒரு பொறி விட்டிருக்கிறது. கிரகம் தள்ளாடவில்லை. ஜன்னல் திறந்திருந்தபோது தண்ணீர் சீக்கிரம் ஆறியிருக்கிறது.

"இன்னிக்கு இது வெளியே போகக் கூடாது," என்றார் பின்னாலேயே வந்த லிவியு. "நிருபர்கள் கிளம்பட்டும். ஏழு மணிக்கு வேலி அனுமதியில கையெழுத்துப் போடறேன்."

"பொழுது ஆறரைக்கே சாயுது."

"அரை மணி நேரம்தானே ருக்சா?"

இவ்வளவு கேட்ட பிறகும் அந்த ஆளுக்கு அரை மணி நேரம்தான். மேசையிலிருந்த தேனடைச் சட்டத்தைத் தூக்கி அந்தத் தொட்டியில் போட்டுவிட வேண்டும் போலிருந்தது. மீன்கள் என்ன பாவம் செய்தன என்று விட்டேன்.

கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு வேனைக் கிளப்பினேன். தோடேரும் ஏறிக்கொண்டார். தோட்டத்தில் நொறுங்கிய பெட்டிகளின் நடுவே நடந்து, நான் போட்ட முத்திரையை நானே வெட்டினேன். சுவிட்சைத் தட்டினேன். வேலி துடிக்க ஆரம்பித்தது. விநாடிக்கு ஒன்று. என் கருவி காது கிழியக் கத்தியது. அணைக்கவில்லை.

"மன்னிச்சுடுங்கண்ணே."

"பெட்டிய நிமித்து. அப்புறம் மன்னிக்கலாம்."

ஆறரை மணிக்கு வீட்டுக்குள் தொலைபேசி அடித்தது.

"யாரு, நட்சத்திரக்காரனா?" என்றார் தோடேர்.

"லிவியு. வேலிச் சத்தம் டிஷ்ஷுல கேட்டிருக்கும். நிறுத்தச் சொல்வாரு."

"அடிக்கட்டும்."

காட்டு ஓரத்தில் புதர் விலகியது. கரடி நேராக வந்தது, வழி தெரிந்தவன் மாதிரி. கம்பிக்கு முன்னால் நின்று எங்களைப் பார்த்தது. மூக்கை நீட்டியது.

உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்து, புதரை முறித்துக்கொண்டு ஓடியது.

இருபத்திரண்டு பெட்டிகளும் அப்படியே நின்றன. தொலைபேசி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.