குறை சொல்லி நிரப்பிய டெண்டர்

மாவிஸ் எழுதிக்கொண்டு வந்த பதிலைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயணிகளின் பாதுகாப்பை எப்படி உறுதி செய்வீர்கள் என்பது டெண்டர் படிவத்தில் ஒரு கேள்வி. ஐந்நூறு வார்த்தை வரை எழுதலாம். மாவிஸ் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: ஜாக்கிரதையாக ஓட்டுவோம்.

"இவ்வளவுதானா?"

"வேற என்ன கண்ணு எழுதறது? ஜாக்கிரதையாத்தானே ஓட்டறோம்."

சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகளை உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் டெண்டருக்குத் தயார் செய்வதுதான் என் பிழைப்பு. யார்க்‌ஷயரில் பதினொரு வருஷமாகச் செய்கிறேன். காப்பீடு காலாவதியானவர்கள், விதிமுறைகளை பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தொலைத்தவர்கள் என்று எத்தனையோ பேரைக் கரையேற்றியிருக்கிறேன். இந்த அடக்கத்திடம்தான் என் பாச்சா பலிப்பதில்லை. தன்னைப் பற்றித் தானே நல்லதாக நாலு வார்த்தை சொல்வது எங்கள் ஊரில் அநாகரிகம். டெண்டரிலோ எழுதியதற்கு மட்டும்தான் மதிப்பெண். மதிப்பெண் போடுகிறவரின் சொந்த அம்மாவையே இவர்கள் ஏற்றிக்கொண்டு போயிருந்தாலும், காகிதத்தில் இல்லையென்றால் பூஜ்யம்.

மாவிஸ் நடத்தும் தொண்டு அமைப்பில் அவரோடு சேர்த்துப் பதினாறு பேர். எங்கள் பள்ளத்தாக்கு முழுவதிலிருந்தும் நோயாளிகளைத் தங்கள் சொந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறவர்கள். இதுவரை கவுன்சில் மானியம் கொடுத்து வந்தது. இனி மானியம் கிடையாது, டெண்டரில் ஜெயிப்பவர்களுக்குத்தான் ஒப்பந்தம். தோற்றால் மார்ச் கடைசியில் கடையை மூட வேண்டியதுதான்.

அவர்கள் ஏற்றிப்போகும் நோயாளிகளில் வில்ஃபை நினைத்தால்தான் எனக்குக் கவலை. எழுபத்தெட்டு வயது, தனி ஆள், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். போட்டிக்கு வந்த கம்பெனியின் வேன் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். வில்ஃப் வீடு மேட்டின் உச்சியில். இந்தக் கார் வருவது நின்றால் தன்னோடு லண்டனுக்கே கூட்டிப்போய்விடுவதாக அவர் மகன் சொல்லியிருந்தார். வில்ஃபுக்கு லண்டன் என்ற பேச்சே வேப்பங்காய்.

"சரி, நீங்க நல்லா செய்யற ஒண்ணைச் சொல்லுங்க" என்றேன்.

மாவிஸ் மேஜையைத் துடைத்தார். பக்கத்தில் இருந்த ட்ரெவர் கேக்கைப் பார்த்தார். அவர்தான் வில்ஃபின் ஓட்டுநர். ரிடையரான தபால்காரர்.

"ஏதோ பரவால்லாம ஓட்டறோம்" என்றார் ட்ரெவர் கடைசியில்.

"இவன் லட்சணத்துக்கு அதுவே அதிகம்" என்றார் மாவிஸ். "நேத்து இவனால ரெண்டாவது சவாரி இருபது நிமிஷம் லேட்டு."

"நான் என்ன பண்றது? வில்ஃபுக்குத் தலை சுத்திச்சு."

"ஒவ்வொரு தடவையும் அதே கதைதான் ஜூடித். இறக்கிவிட்டமா வந்தமான்னு இருக்க மாட்டான். உள்ள போய் ஹீட்டரப் போடுவான், பால் இருக்கான்னு பாப்பான், அவர் மொகத்துல நெறம் வர்ற வரைக்கும் நாற்காலியில ஒட்டிக்குவான். போன மாசம் மூச்சு சரியில்லன்னு நர்சுக்கு இவனே போன் போட்டுட்டான். என்னைக் கேக்கவே இல்ல."

"அந்தம்மா மட்டும் என்னவாம்?" ட்ரெவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொருத்தருக்கா போன். முழங்கால் எப்படி, எந்தக் கார் ஏறத் தோதுன்னு விசாரணை. மாசாமாசம் எங்க டயரையெல்லாம் குனிஞ்சு பாக்கறா. என் பொண்டாட்டிகூட என்னை அவ்வளவு கூர்ந்து பாத்ததில்ல."

நான் பேனாவைத் திறந்து மளமளவென்று எழுத ஆரம்பித்தேன். இந்தப் பதினொரு வருஷத்தில் இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று என் தலையிலேயே குட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. எங்கள் ஆட்களுக்குப் புகழத்தான் வராது. புலம்பச் சொன்னால் பிய்த்து உதறிவிடுவார்கள்.

வியாழக்கிழமை மத்தியானம் பதினாறு பேரையும் சர்ச் கூடத்துக்கு வரச் சொன்னேன். சூப் உண்டு, அடுத்தவர் மேல் உள்ள குறையோடு வாருங்கள் என்றுதான் அழைப்பு. ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். ஒருத்தர் காதுகேளாத பயணிக்காகச் சைகை கற்றுக்கொண்டு இப்போது எல்லோரிடமும் கையை ஆட்டுகிறாராம். இன்னொருத்தர் கடும்பனியில் மண்வாரியோடு முன்னாடியே போய் வாசலைச் சுத்தம் செய்து மற்றவர்கள் மானத்தை வாங்குகிறாராம். கூடமே சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. ஐந்நூறு வார்த்தைக்குள் அடக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

முடித்த பதிலை மாவிஸிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

"ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே. யாரு இவங்க?"

"நீங்கதான்."

அவர் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. "இவ்வளவு பீத்திக்கணுமா கண்ணு?"

"இதுல பொய் ஏதாவது இருக்கா?"

மறுபடி ஒரு முறை படித்தார். "இல்ல" என்றார் மெதுவாக.

ஆறு வாரம் கழித்து முடிவு வந்தது. ஒப்பந்தம் அவர்களுக்குத்தான், ஐந்து வருஷத்துக்கு. பாதுகாப்புக் கேள்விக்கு ஐந்துக்கு ஐந்து. மாவிஸ் கணினித் திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மோசமில்ல" என்றார். அப்புறம் தேம்பி அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். ட்ரெவர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார்.

வில்ஃபுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தோம். மாவிஸ் விஷயத்தைச் சொன்னார்.

"வில்ஃப், இருக்கியா?"

"இருக்கேன்." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "இந்த வருஷம் தோட்டத்துல உருளைக்கிழங்கு நடாமயே விட்டுட்டேன் மாவிஸ். தோண்டற நாளுக்கு நான் இங்க இருக்கப் போறதில்லன்னு நெனச்சேன். இனிமே நட்டா லேட்டாயிடுமா?"

"ஆகாது" என்றார் ட்ரெவர், ஜன்னலிலிருந்து திரும்பாமலே. "நாளைக்கு ஆஸ்பத்திரியிலருந்து வர்ற வழியில வெதைக்கிழங்கு வாங்கிடுவோம்."