இருபது எண்ணும் வரை

நாடகக் குழுவில் அவளுடைய வேலை, பக்கத்திரைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, வசனம் மறந்து திணறுபவர்களுக்கு அடிக்குரலில் எடுத்துக் கொடுப்பது. காட்சி சூடு பிடித்துவிட்டால் பாதி நேரம் வேலையே இருக்காது. மடியில் வசனப் பிரதி. அதன் மேல் ஏதாவது ஒரு மொழிபெயர்ப்பு நாவல். ஊரை விட்டு வெளியே போனதில்லை. ஆனால் அந்த நாவல்களில் வரும் பனி மூடிய துறைமுகத்தில் எந்தத் தெருவில் திரும்பினால் ரொட்டிக் கடை வரும் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடுவாள். அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருப்பவளுக்கு, தனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த ஸ்டூல்தான்.

நாடகம் ஒரு பழங்கதை. ஆற்றங்கரை நிற்காமல் உடைகிறது. அரசி உயிரோடு கரைக்குள் படுத்து மண்மூடப்பட்டால்தான் நிற்கும் என்கிறார்கள். அவள் படுக்கிறாள். முதல் பிடி மண்ணை அரசனே போடுகிறான். அந்த இடத்தில் அரசிக்கு ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஏன் என்று இவள் ஒருமுறை கேட்டதற்கு, "தெய்வமாகப் போறவ எதுக்கும்மா பேசணும்?" என்றார் இயக்குநர்.

அரசியாக நடிப்பவர் ஐம்பதை நெருங்கும் ஆண். பன்னிரண்டு வருடமாக அதே வேடம். டீக்கடைக்காரர்கூட அவரை 'ராணி' என்றுதான் கூப்பிடுவார். முகம் மட்டும் வெளியே தெரிய, சலித்த மண்ணுக்கடியில், மேடைப் பலகையில் ஒரு காதை வைத்து அவர் கிடக்க, இவள் திரைச் சட்டத்தில் விரலால் இருபது முறை தட்டுவாள். இருபதாவது தட்டில் அரசன் இரண்டாவது பிடியை முகத்தில் போடுவான். விளக்கு அணையும்.

அன்று மாலைக் காட்சியில் தட்டுவதை விரல் பார்த்துக்கொண்டது. கண் நாவலில் இருந்தது. பன்னிரண்டாவது தட்டில், நாவலுக்குள் ஒருத்தி தன் கணவனிடம் ஏதோ சொன்னாள். இவள் உதடு தன்னை மறந்து முணுமுணுத்தது. அந்த உதட்டிலிருந்து எது வந்தாலும் வாங்கிச் சொல்லியே பழகியவர் ராணி. யோசிக்கவில்லை.

"குளிர்கிறது. கையை எடுங்கள்" என்றது மண்.

அரங்கில் ஒருவரும் இருமவில்லை. அரசன் கையில் பிடி மண்ணோடு அப்படியே நின்றான். குரல் ராணியுடையதுதான். ஆனாலும் மண்ணுக்கும் கீழேயிருந்து வந்தது போல் அவளுக்குக் கேட்டது.

காட்சி முடிந்ததும் இயக்குநர் வந்து நின்றார். "நாவல் படிக்கவா உனக்கு ஸ்டூல் போட்டிருக்கேன்?"

"வாய் தவறிடுச்சு சார்."

"எனக்குக் கை நடுங்கி, பாதி மண்ணு செருப்புக்குள்ள போயிடுச்சு சார்" என்றான் அரசன்.

"உன் செருப்பு இப்போ ரொம்ப முக்கியம்!" அவள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஒரு எழுத்து கூடுதலா வரட்டும். அந்த ஸ்டூல்ல வேற ஆள்."

ஒப்பனை அறையில் ராணி புடவை ஊக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "பாப்பா, அப்புறம் அந்தப் பொம்பள என்ன பண்றா?"

"எழுந்து உட்கார்ந்துடறாண்ணே."

"குடுத்து வெச்சவ" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பலகையில காதை வெச்சா, கீழேருந்து ஒரு மூச்சு கேக்கும். இத்தனை வருஷமா என் மூச்சுன்னே நினைச்சிருந்தேன். இன்னைக்கு மூச்சை அடக்கிப் பார்த்தேன். அது நிக்கல."

மறுநாள் அவள் புத்தகம் கொண்டுவரவில்லை. எதிர்ப்பக்கத் திரையோரம் இயக்குநர் கைகட்டி நின்றார். ஒன்று, இரண்டு என்று தட்டினாள். பன்னிரண்டில், மண்ணுக்குள்ளிருந்து ராணியின் கண் திறந்து அவளையே பார்த்தது. உதடு பிரிந்தது. மறதியில்லை, கேட்கிறார். அவள் கொடுக்காத எதையும் அவர் மேடையில் சொன்னதே கிடையாது.

பதின்மூன்று. ஸ்டூலின் கால் வழியாக ஏதோ ஏறி இறங்கியது, உறங்குகிறவள் மார்பு போல. பதினாறு. இயக்குநர் அசையவில்லை. அவள் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். பத்தொன்பதிலும் அந்தக் கண் மூடவில்லை.

இருபது. திறந்த கண்ணிலேயே மண் விழுந்தது. கைத்தட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

வாளித் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார் ராணி. அவள் துண்டை நீட்டினாள்.

"நீ சொல்லியிருந்தா எழுந்திருச்சிருப்பேன் பாப்பா."

"எனக்கு வேற போக்கிடம் இல்லண்ணே."

அவர் துண்டை வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டார். கோபமில்லை.

"அந்த அரசியும் அதனாலதான் படுத்திருப்பா" என்றார்.

வெளியே, அடுத்த காட்சிக்கு மண் சலிக்கத் தொடங்கியிருந்தார்கள்.