வெளியேறும் விலை

1

இக்கதை ஒரு கேள்வியிலிருந்து பிறந்தது; அக்கேள்வி என்னுடையதன்று. லண்டன் மேஃபேரில், நாடுகளின் வட்டியையும் நாணயங்களையும் கணித்துப் பந்தயம் கட்டும் ஹெட்ஜ் ஃபண்டு ஒன்றில் வேலை பார்ப்பவர் என் கீழ்வீட்டுக்காரர். வேலை கேட்டு வருவோரிடம் லாபத்தைப் பற்றி அவர்கள் அதிகம் கேட்பதில்லையாம். ‘எந்த விலையில் உங்கள் கணிப்பு தவறென்று ஒப்புக்கொள்வீர்கள்?’ என்றே கேட்பார்களாம். அந்த விலைக்கு ஸ்டாப் லாஸ் என்று பெயர். அதைச் சொல்லாதவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

முதல் தொடக்கம்: கேரிஸ் ப்ராபர்ட் மழையில் நனைந்தபடி—

(அடித்துவிட்டேன். லண்டன் கதைகள் எல்லாம் மழையில்தான் தொடங்குகின்றன.)

இரண்டாம் தொடக்கம்: அரசின் நிதித்துறையில் பொருளியலாளராக இருந்த கேரிஸ் ப்ராபர்ட், அப்படியொரு ஃபண்டின் நேர்காணலுக்குப் புறப்படுமுன் தன் அரசு வேலையை ராஜினாமா செய்தாள். கணவன் டோமோஸிடம் சொல்லவில்லை.

இது நிற்கட்டும்.

2

நேர்காணல் செய்பவர் டெஸ்மண்ட் அக்ராய்ட். டை கட்டாதவர், கட்டவேண்டிய அவசியத்தைக் கடந்தவர்.

“ஸ்வீடன் வட்டியக் குறைக்கும். அவங்க நாணயம் குரோனா சரியும். குரோனாவ வித்து யூரோ வாங்குவேன்,” என்றாள் கேரிஸ்.

“இத நேத்தே என் டாக்ஸி டிரைவர் சொல்லிட்டாரே.”

“அவரையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கீங்களா?”

டெஸ்மண்ட் சிரிக்கவில்லை. அல்லது சிரித்தார்.*

“எங்க தப்புன்னு ஒத்துப்பீங்க?”

“யூரோ பதினோரு குரோனாவுக்குக் கீழ போனா நான் தப்பு. அன்னிக்கே வெளிய வந்துடுவேன்.”

“சரி. சொந்த வாழ்க்கைல கடைசியா கட்டின பந்தயம்?”

“இன்னிக்குக் காலைல வேலைய விட்டுட்டேன்.”

“நாங்க ஒண்ணுமே சொல்லலியே!”

“தெரியும். இத்தன வருஷமா கணிச்சு எழுதிக் குடுத்தேன். தப்பானாலும் எனக்கு ஒண்ணும் ஆகல. அப்படி இருந்தது போதும்னு தோணுச்சு.”

“ஸ்டாப் லாஸ்?”

“வைக்கல.”

“திரும்பச் சேத்துப்பாங்களா?”

“மாட்டாங்க.”

அவர் பேனாவை மூடினார். “சாயங்காலத்துக்குள்ள கூப்பிடறேன்.”

* இருவிதமாகவும் எழுதிப் பார்த்தேன். அவர் சிரித்தால், அவளுக்கு அங்கேயே வேலை கிடைத்துவிடுகிறது.

3

பேனாவை மூடியதற்கு என்ன பொருள்? வெளியேறும் வழி வைக்காதவளை அவர்கள் எடுக்கமாட்டார்கள். அதை மறைக்காதவளை எடுக்கக்கூடும். முதல் வரைவில் அவள் ராஜினாமா செய்யவே இல்லை. கதை அசையாமல் கிடந்தது. செய்யவைத்தவன் நான். ஆகவே முடிவைச் சொல்லும் கடமையும் என்னுடையது என்று நீங்கள்

(இவ்வாக்கியம் முடியவில்லை, முடிக்கத் தெரியவில்லை.)

இரண்டு முடிவுகளை எழுதினேன். இரண்டிலும் பிழையில்லை. இரண்டையும் நான் நம்பவில்லை.

எனவே எனக்கும் ஒரு விலையைக் குறித்துக்கொள்கிறேன்: டெஸ்மண்டின் அழைப்பு வரும் வரியிலும் விடை தெரியாவிட்டால், இக்கதையிலிருந்து வெளியேறிவிடுவேன்.

4

கிரீன் பார்க் பெஞ்சில், பிரிக்காத சாண்ட்விச்சோடு கேரிஸ் உட்கார்ந்திருந்தாள். டோமோஸ் அழைத்தான்.

“என்ன மேடம், கோடீஸ்வரி ஆயாச்சா? இனிமே எங்க கூடல்லாம் பேசுவீங்களா?”

“தெரியல டோமோஸ். சாயங்காலம் சொல்றாங்களாம்.”

“கிடைக்கலன்னா விடு. பழைய வேல எங்க ஓடிடப் போகுது?”

கேரிஸ் கண்களை மூடிக்கொண்டாள். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லு.”

கைப்பேசி அதிர்ந்தது. டோமோஸ் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் இன்னொரு பெயர்: டெஸ்மண்ட்.

அதை முதலில் எடுத்தால், பிறகு டோமோஸிடம் அவள் சொல்லப்போவது ஒரு முடிவு. எடுக்காவிட்டால், முடிவு தெரியாத வெறும் உண்மை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், இவ்விரண்டும் ஒன்றாகா.

“ஏய், இருக்கியா?” என்றான் டோமோஸ்.

கேரிஸ் தன் விரலை—

தெரியவில்லை. நான் குறித்த விலை வந்துவிட்டது, வெளியேறுகிறேன்.

நீங்கள் எந்த விலையும் குறித்துக்கொள்ளாமல் வாசிக்க வந்தவர். பெஞ்சில் அவளருகே இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள். கைப்பேசி இன்னும் அதிர்கிறது.