சட்டியை உடைக்கிறவன்

புருஷன் போய்விட்டால் எங்கே இருப்பாய் என்று எந்தப் பெண்ணிடமாவது நீங்கள் கேட்டதுண்டா?

சியூலான் கேட்கவில்லை. இத்தனைக்கும் கேட்பதுதான் அவள் வேலை. கான்சு மாகாணத்துக் கிராமப் பெண்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவள் ஆபீஸ் ஆட்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறார்கள்; அதற்கான கேள்விகளை அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். தண்ணீர் யார் எடுக்கிறார்கள், முட்டை விற்ற காசு யார் கையில், வலி வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று போன மாதம் அம்மாவிடம் ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினாள்.

உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டே அம்மா சொன்னாள். "இவ்வளவு கேக்குறியே. அவரு போயிட்டா எங்க இருப்பேன்னு ஒண்ணு கேளேன்."

"எல்லாரும் இங்கதான்னு சொல்வாங்கம்மா. எல்லாரும் ஒரே பதில் சொல்ற கேள்வி வீண். சேக்க மாட்டோம்."

அம்மா அடுத்த கிழங்கை எடுத்தாள்.

இப்போது முற்றத்தில் அப்பாவின் சவப்பெட்டி இரண்டு பெஞ்சுகள் மேல் இருந்தது. நல்ல வெயில். சியூலான் அதன் முன்னால் மண்டியிட்டு மண்சட்டியில், செத்தவர் செலவுக்கென்று காகிதப் பணத்தைப் போட்டு எரித்துக்கொண்டிருந்தாள். நாளைக் காலையில் பெட்டி கிளம்பும்போது வாசலில் அந்தச் சட்டியை உடைக்க வேண்டும். மகன் உடைப்பான். மகன் இல்லாத வீட்டில், உடைக்கிறவனுக்குத்தான் வீடு.

சித்தப்பா சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வந்தார். பின்னால் அவர் மகன் பாவ்லின். தலையில் துக்கத்துக்கான வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டே வந்துவிட்டான்.

"பாவ்லின் உடைக்கட்டும்."

"நான் உடைக்கிறேன் சித்தப்பா."

"நீ வேற வீட்டுக்குப் போன பொண்ணு."

"சட்டப்படி வீடு அம்மாவுக்கு."

"இருக்கட்டும். சட்டம் வந்து பெட்டியத் தூக்குமா? ஊர் ஆம்பளைங்க நான் சொன்னாத்தான் வருவாங்க. இல்லையா, உன் ஆபீஸ்ல இருந்து ஆள் வரச் சொல்லு. கேள்வி கேட்டுக்கிட்டே தூக்கட்டும்."

பாவ்லின் சிரித்தான். பெட்டியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "பெரியம்மாவ விட்டுடுவோமாக்கா? மேற்கு ரூம் சும்மாதானே கெடக்கு."

"அது கழுதை கட்டுற எடம்டா."

"கழுதையத்தான் வித்தாச்சே."

சியூலான் டவுனில் பெட்டி தூக்கும் கூலி ஆட்களுக்குப் போன் செய்தாள். ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் கேட்டதும், உங்க சித்தப்பா சொன்னாரா என்று கேட்டார்கள். சின்ஜியாங்கில் வேலை செய்யும் கணவனுக்கு அடித்தாள். "நான் வர்ற வரைக்கும் வெயில்ல வைக்க முடியுமா?" என்றான். சட்ட உதவிக்காரர் அடக்கம் முடித்துவிட்டு வரச் சொன்னார்.

சமையலறையில் அம்மா ஊருக்கெல்லாம் நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். சியூலான் வாசற்படியில் நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லும்மா. நீ முடியாதுன்னு சொன்னா நான் விட மாட்டேன்."

அம்மா கத்தியை வைக்கவில்லை. "ஊதுவத்தி இன்னும் நாலு கொளுத்து. வாடை வருது."

"அம்மா."

"அவரக் காக்க வைக்காத."

மறுநாள் காலையில் பாவ்லின் சட்டியை உடைத்தான். ஒரே அடியில் உடைந்தது. எட்டுப் பேர் தூக்கினார்கள். அடக்கம் முடிந்து சியூலான் திரும்பி வந்தபோது தானிய அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அம்மா மேற்கு அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள்.