புத்தகத்தில் செத்த அகோசி

ஹுவேஃபாவின் நாவல் வெளிவந்து மூன்று மாதமாகியிருந்தது. போஹிகோன் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் அவளுக்கு அதுதான் முதல் புத்தகம். கோத்தோனூ நகரப் பத்திரிகை ஒன்று அதைப் பாராட்டி எழுதியிருந்தது. அந்தத் தாளை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

சந்தையில் மிளகாய் விற்கும் அகோசி மட்டும் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினைந்து வருடப் பழக்கம். ஹுவேஃபாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன அகோசி, என் மேல கோவமா?"

"செத்துப்போனவகிட்ட எதுக்கு டீச்சர் மிளகாய் கேக்குறீங்க?"

பக்கத்துக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். ஹுவேஃபாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. நாவலில் ஒரு மிளகாய்க்காரி வருகிறாள். முன்பல்லில் இடைவெளி, மூன்று புருஷன்மார், சந்தையின் மறுகோடி வரை கேட்கும் குரல். பெயரை மட்டும்தான் ஹுவேஃபா மாற்றியிருந்தாள். நூற்று நாற்பதாம் பக்கத்தில் அவளைக் காய்ச்சலில் சாகடித்தும் இருந்தாள்.

"உன் மேல இருக்குற பிரியத்துலதான் உன்னை எழுதினேன்."

"பிரியத்துலதான் கொன்னீங்களா? சரி, கொன்னதுகூடப் போகட்டும். என்னை எப்படிப் புதைச்சீங்க? எம் பொண்ணு படிச்சுக் காட்டினா. 'மறுநாள் அவளைப் புதைத்தார்கள்.' அவ்வளவுதான்! மறுநாளாம்! நான் என்ன நாதியத்தவளா? ஏழு புள்ள பெத்திருக்கேன். அபோமே ஊர்ல இருக்குற சம்பந்திக்குச் சொல்லியனுப்பல. குடும்பத்துக்கே ஒரே மாதிரி துணி எடுக்கல. மேளம் இல்ல. வந்தவங்களுக்கு ஒரு வாய் சோறு இல்ல!"

அந்த ஒற்றை வரியைத்தான் பத்திரிகைக்காரர் 'சிக்கனத்தின் அழகு' என்று புகழ்ந்திருந்தார்.

"சரி, உன் சாவை முறையா எழுதித் தரேன்."

"எந்த மொழியில?"

ஹுவேஃபா பதில் சொல்வதற்குள் அகோசியே முந்திக்கொண்டாள். "பிரெஞ்சுல எழுதினா நான் எப்படிக் கேட்டு அழறது?"

ஆகவே ஹுவேஃபா ஊர் மக்கள் பேசும் ஃபோன் என்ற மொழியில் எழுத உட்கார்ந்தாள். பிறந்ததிலிருந்து பேசும் மொழிதான், ஆனால் ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. வீட்டில் சண்டை போடவும் கொஞ்சவும் தயங்காமல் வந்த சொற்கள் தாளில் இறங்க மறுத்தன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தே எழுதினாள். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

எழுதியதை எடுத்துக்கொண்டு பிற்பகலில் சந்தைக்குப் போனாள். வெங்காயம் விற்கும் தான்சி முதலில் கையை நீட்டி அதை வாங்கினாள். முதியோர் வகுப்பில் ஃபோன் மொழியை எழுதப் படிக்கக் கற்றவள் அவள். உதடுகள் அசைய மெதுவாகப் படித்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள்.

"டீச்சர், வாயைக் குவிச்சுச் சொல்ற ஓ வேற, திறந்து சொல்ற ஓ வேற. நீங்க ரெண்டுக்கும் ஒரே எழுத்தைப் போட்டிருக்கீங்க. முதல் பக்கத்துலயே பதினோரு தப்பு. உங்க கிளாஸ் புள்ளைங்கன்னா சும்மா விடுவீங்களா?"

ஹுவேஃபாவுக்குச் சுருக்கென்றது. அடுத்த கணமே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "மீதியையும் திருத்திக் குடு தான்சி," என்றாள்.

பிறகு தாள்களைத் திரும்ப வாங்கி அகோசிக்குப் படித்துக்காட்ட ஆரம்பித்தாள். பெண்கள் கடைகளை அப்படியே விட்டுவிட்டு வந்து கூடினார்கள். மேளம் வரும் இடத்தில் ஒருத்தி தகர அண்டாவைக் கவிழ்த்துத் தட்டினாள். இன்னொருத்தி சாவுப் பாட்டை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாட்டு முடியும்வரை ஹுவேஃபா காத்திருந்தாள்.

"மூணாவது புருசன் இவ்வளவு அழமாட்டான்," என்று அகோசி இடைமறித்தாள். "அவன் சோறு எப்போ வருதுன்னு பாத்துட்டிருப்பான். முதல் ஆளை அழ வைங்க, அவன் நல்லவன்."

ஹுவேஃபா ஓரத்தில் குறித்துக்கொண்டாள். கடைசி மகள் தாயின் மேல் துணி போர்த்தும் இடம் வந்தது. அகோசி இடுப்புத் துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம்," என்றாள். "நல்ல பொம்பள."

படித்து முடித்ததும் அகோசி இலையைப் பிரித்து, புளித்த சோளமாவில் செய்த அகாசா உருண்டைகளை எடுத்தாள். வறுத்த மீனும் அரைத்த மிளகாயும் வந்தன. அகோசி, தான்சி, ஹுவேஃபா மூவரும் ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார்கள். காரம் தாங்காமல் ஹுவேஃபாவுக்கு மூக்கில் நீர் வழிந்தது. தான் எழுதியதைப் பற்றி இத்தனை சந்தோஷமாக யாரோடும் பேசியதில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த சந்தை நாளில் துணிக்கடை வரிசைப் பெண்கள் தங்களுக்கும் படித்துக்காட்டச் சொன்னார்கள். அதற்கடுத்து மீன் வரிசை. படிக்கப் படிக்க அகோசியின் சாவு பெரிதாகிக்கொண்டே போனது. நான்காம் முறை இருநூறு விருந்தாளிகளும், மூன்று மேளக் குழுக்களும், நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு மருமகனும் இருந்தார்கள். அந்த மருமகனை யார் சேர்த்தார்கள் என்று ஹுவேஃபாவுக்கே தெரியவில்லை. அவன் பெயரை எந்த எழுத்துகளில் எழுதுவது என்று மட்டும் தான்சியிடம் கேட்டு எழுதிக்கொண்டாள்.