பதினொன்று இருபது

தொழிற்சாலையின் மருத்துவ அறையில் அக்கா காத்திருந்தாள். சொந்தத் தங்கைக்கு மட்டுமல்ல, பிரிவில் எல்லோருக்குமே அவள் அக்காதான். நேற்று, விடுமுறை நாள் முழுக்க, அவள் கையில் பட்டை கட்டியிருந்தது. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை அது உப்பி ரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டது. எண் ஏறியிருந்தால் தகடு வெட்டும் இயந்திரத்தை விட்டு, பொட்டலம் கட்டும் பிரிவுக்குப் போகலாம். இரண்டு மாதம் முன்பு அந்த இயந்திரத்தில்தான் தங்கையின் மூன்று விரல்கள் போயின. மறுநாளே அக்காவை அங்கே நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து பாழாய்ப்போன நெஞ்சு ஒரு நிலையில் இல்லை.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. நூத்திருபது, நூத்திருபத்தஞ்சு. கல்லு மாதிரி இருக்கீங்க,” என்றாள் நர்ஸ்.

“வெளி டாக்டர் பார்த்தப்ப நூத்தெழுபது, சிஸ்டர். பயந்தா உடம்பு ஏதோ சுரக்குமாம், ஓடித் தப்பிக்கிறதுக்கு. நான் ஓடாம அங்கயே நிக்கிறேன்ல, அதான் எறங்க மாட்டேங்குதுன்னாரு. வேலை நாள்ல கட்டுங்கன்னு கேட்டேனே!”

“இது உப்புறப்போ கை அசையக் கூடாதுக்கா. மெஷின்ல எப்படி நிப்பீங்க?”

நர்ஸின் பேனா ஒரு வரியில் நின்றது.

“இதென்ன, பதினொன்னு இருபதுக்கு மட்டும் நூத்தெண்பத்திரண்டு? மாடி ஏறினீங்களா?”

“இல்ல. சும்மாதான் உக்கார்ந்திருந்தேன். தங்கச்சி துணி மடிச்சுக்கிட்டு இருந்தா. நான் கடிகாரத்தைப் பார்த்தேன், அவளும் பார்த்தா. அந்த நேரத்துலதான் அன்னிக்கு...”

நர்ஸ் குனிந்துகொண்டாள். “அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மனசைத் தேத்திக்கோங்க. ஒண்ணே ஒண்ணு இப்படி வந்தா கருவிக் கோளாறுன்னுதான் எழுதச் சொல்லியிருக்காங்க.”

அந்த வரியை அடித்துவிட்டு, ‘வேலைக்குத் தகுதி’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு கையாலும் அமுக்கினால்தான் வெட்டும் கத்தி இறங்க வேண்டும். அதற்காகவே அந்த இயந்திரத்துக்கு இரண்டு பொத்தான்கள். வேலை வேகமாக நடக்க, இடப்பக்கப் பொத்தானில் அட்டைத் துண்டு செருகி, எப்போதும் அமுங்கியே இருக்கும்படி செய்திருந்தார்கள். தங்கை காலத்திலும் அப்படித்தான். இன்று அந்த அட்டை நைந்து விழுந்து, இயந்திரம் நின்றிருந்தது.

“வந்தாச்சா மகாராணி? எங்க சீட்டு?”

சூப்பர்வைசர் வாங்கிப் படித்தார். நான்காக மடித்தார். பொத்தான் இடுக்கில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினார்.

“இப்ப கச்சிதம். நில்லும்மா.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று பதினெட்டு. அக்கா இடது கையால் தகட்டை எடுத்து, கத்திக்கு அடியில் நீட்டினாள்.