நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகள்

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் புதிய மென்பொருள் போடும் திட்டத்துக்கு அவள்தான் மேலாளர். எது நம் வேலை, எது நம் வேலை இல்லை என்று தொடக்கத்திலேயே கறாராக வகுத்துவிடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அதனாலேயே அவள் கையில் எடுத்த எதுவும் கெடு தாண்டியதில்லை.

இந்த முறை கெடு இரும்பு மாதிரி. பழைய கணினி ஏழு மாதத்துக்கு மேல் ஒரு நாள்கூட ஓடாது. ஆட்களோ ஆறே பேர். திட்ட எல்லையை முடிவு செய்யும் கூட்டத்தில் அழைப்புப் பிரிவின் மேற்பார்வையாளர் கையைத் தூக்கினாள். இருபது வருடம் ஃபோனிலேயே குடித்தனம் நடத்தியவள். எல்லாரும் அவளைக் ‘காது’ என்றே கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“பழைய மெஷின்ல ஒவ்வொரு நம்பருக்குக் கீழயும் ஒரு குறிப்புப் பெட்டி இருக்கு மேடம். நாங்களே எழுதி வச்சது. அதெல்லாம் புதுசுல வருமா?”

“என்ன மாதிரி குறிப்புக்கா?”

“முன்கதவு திறக்காது, பின்பக்கமாப் போங்கன்னு இருக்கும். நாய் கடிக்கும்னு இருக்கும். அந்தந்த வீட்டுச் சங்கதி.”

“எத்தனை இருக்கும்?”

“நாலாயிரத்துச் சொச்சம்.”

மேலாளர் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஒன்று எழுதிய மாதிரி இன்னொன்று இல்லை. ஆள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துத்தான் மாற்ற வேண்டும். ஆறு வாரம் காலி.

“அது ரெண்டாம் கட்டத்துல பார்க்கலாம்க்கா” என்றவள், ரிஸ்க் பட்டியலில் பதினேழாவது வரியாக அதைச் சேர்த்தாள். பழைய குறிப்புகள் இல்லாததால் சில அழைப்புகளில் தாமதம் நேரலாம். வாய்ப்பு: குறைவு. பாதிப்பு: நடுத்தரம். முடிவு: ஏற்றுக்கொள்ளப்பட்டது.

திரையில் அதைப் படித்த காது கேட்டாள்: “யாரு ஏத்துக்கிட்டாங்க?”

“கமிட்டிதான்க்கா.”

எல்லாரும் சிரித்தார்கள். காதும் சிரித்தாள்.

புதிய மென்பொருள் சொன்ன தேதியில் ஓடத் தொடங்கியது. பத்தொன்பதாம் நாள் நண்பகலில் ஒரு எண்ணிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. மூன்றிலும் பேச்சே இல்லை. பதினைந்து வினாடி யாரும் பேசாவிட்டால் தவறான அழைப்பு என்று மென்பொருளே துண்டித்துவிடும். அதுவும் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட விதிதான். காது அன்று விடுப்பில் இருந்தாள்.

அழைத்தவர் தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரல் போனவர். பழைய பெட்டியில் அவர் எண்ணுக்குக் கீழே இப்படி இருந்தது: பேச முடியாதவர். தட்டினால் உடனே வண்டி அனுப்பவும். மாலையில் வேலை முடிந்து வந்த தங்கைதான் அவரைத் தரையில் பார்த்தாள். உடம்பு அப்போதே குளிர்ந்திருந்தது.

விசாரணை இரண்டே மணி நேரத்தில் முடிந்தது. பதினேழாவது வரியை உரக்கப் படித்தார்கள். ஆபத்து முன்கூட்டியே கண்டறியப்பட்டு முறைப்படி பதிவாகியிருக்கிறது என்று எழுதி முடித்தார்கள். வெளியே வந்ததும் இயக்குநர் அவள் கையைக் குலுக்கினார். “உங்க பேப்பரெல்லாம் பக்காவா இருந்துச்சு. தப்பிச்சோம்.”

அன்றே அந்தப் பதினைந்து வினாடி விதியை எடுக்க வைத்தாள். பிறகு அந்த மூன்று அழைப்புகளின் ஒலிப்பதிவைக் கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. டக், டக். சற்று இடைவெளி. டக், டக். மூன்றாவது அழைப்பில் தட்டல் அவசரப்படவில்லை. காத்திருந்து காத்திருந்து தட்டியிருந்தார், யாரோ மறுமுனையில் எழுதிக்கொண்டிருப்பதைப் போல.

அதற்குப் பிறகு சத்தம் அவளை விடவில்லை. குழாய் சொட்டினால் நின்றாள். பேருந்துக் கம்பியில் யாராவது மோதிரம் பட்டுத் தட்டினால் திரும்பினாள். கணவன் அவித்த முட்டையைக் கரண்டியால் தட்டியபோது தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

“என்னாச்சு உனக்கு? பேயறைஞ்ச மாதிரி நிக்குற?”

‘நடுத்தரம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கத் தனக்கு ஒரு வினாடிகூட ஆகவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவரின் வீட்டுக்குப் போனாள். தங்கை கதவைத் திறந்து, யார் என்று தெரிந்தும் உட்காரச் சொன்னாள். ஃபோன் இருந்த சின்ன மேசையின் ஒரு மூலையில் பாலிஷ் தேய்ந்து வெறும் மரம் தெரிந்தது.

“அண்ணன் அங்கதான் தட்டிப் பழகுவாரு. உங்க ஆபீஸ்ல ஒரு அம்மா சொல்லியிருந்தாங்களாம், நீங்க தட்டுங்க போதும், வந்துடுவோம்னு. அதை நம்பித்தான் நான் தினமும் வேலைக்குப் போனேன்.”

“அந்தக் குறிப்பு... புதுசுக்கு வரலை.”

“ஏன் வரலை?”

திட்ட எல்லைக்குள் அது இல்லை என்ற பதில் தொண்டை வரை வந்து நின்றது. “நான்தான் வேணாம்னேன்” என்றாள். தங்கை எழுந்து உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. சற்று நேரம் காத்திருந்துவிட்டு அவளே கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

இரண்டாம் கட்டத்துக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லை என்றார் இயக்குநர். அவள் மூன்று வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் காலை கட்டுப்பாட்டு அறையில் காதுக்குப் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். காது ஒன்றும் கேட்காமல் ஒரு ஹெட்ஃபோனை நகர்த்திவைத்தாள்.

பழைய பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து, அந்தந்த எண்ணுக்குப் பேசி, சரிபார்த்து ஏற்றினாள். பல எண்கள் உயிரோடில்லை. ஆளில்லாத குறிப்புகளை அழித்தாள். பழைய தகவல் வண்டியைத் தவறாக அனுப்பிவிடும் என்பதால் அதுதான் விதி. அவள் காதுக்குள் அந்தத் தட்டல் நிற்கவில்லை. வேலை செய்யும்போது சற்றுத் தள்ளிக் கேட்டது, அவ்வளவுதான்.

ஒரு பிற்பகலில் ஒரு வயதானவர் எடுத்தார்.

“அவ போயி ஆறு வருஷமாச்சும்மா.”

“மன்னிச்சுக்குங்கய்யா. அந்தக் குறிப்பை எடுத்துடறேன்.”

“என்ன எழுதியிருக்கு? படிங்க.”

படித்தாள். “மனைவிக்கு வலிப்பு வரும். கணவர் ரொம்பப் பதறுவார். அவரிடம் மெதுவாகப் பேசவும்.”

அவர் இருமினாரா, சிரித்தாரா, தெரியவில்லை. “யாரோ கவனிச்சிருக்காங்க பாருங்க. இன்னொரு தடவை படிங்க.”

இன்னொரு தடவை படித்தாள்.

“எடுத்துத்தான் ஆகணுமா? இருந்தா உங்களுக்கு இடைஞ்சலா?”

அவள் திரையைப் பார்த்தாள். “இல்லைங்கய்யா, இருக்கட்டும்.”

அவர் வைத்த பிறகு அதற்குக் கீழே தட்டச்சு செய்தாள்: மனைவி காலமாகி ஆறு வருடம். கணவர் தனியாக இருக்கிறார். அன்றைய தேதியைப் போட்டுச் சேமித்துவிட்டு அடுத்த எண்ணை அழுத்தினாள். இன்னும் இரண்டாயிரத்து எழுநூறு இருந்தன.